பதினேழாவது பூட்டிய வீடு

நான் வேலை பார்க்கிற வங்கியில் நீங்கள் பத்துக் காசுகூடப் போட முடியாது, எடுக்கவும் முடியாது. பாஸ்புக் கிடையாது, கவுன்ட்டர் கிடையாது, நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா கிடையாது. நாடுகளுக்குக் கடன் கொடுக்கிற வங்கி அது. ரோடு போட, அணை கட்ட, கால்வாய் வெட்ட என்று கொடுப்பார்கள். இதை அக்காவுக்குப் புரியவைக்க எனக்கு ஒன்பது வருடம் ஆனது. உண்மையில் அவளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நடித்து என் வாயைக் கிண்டுவதில் அவளுக்கு ஒரு குஷி.

"அவ்வளவு பெரிய பேங்க்குங்கிற. எனக்குப் புதுசா ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கக் கடன் குடுக்க மாட்டீங்களா?" என்பாள்.

"நீ ஒரு நாடா இருந்தா குடுப்போம்."

"நான் தனி நாடுதான்டி. என்னை யாரு கேள்வி கேக்கறா?"

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பதினாலு. கால்வாய்க் கரையில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. முன் அறையில் ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இடம் அரசாங்கத்தினுடையது, அந்தக் கரையில் யாருக்கும் பத்திரம் என்று ஒன்றும் கிடையாது. என் கல்லூரிப் பாடப்புத்தகங்கள் முழுக்க அந்த மெஷினில் எடுத்த பிரதிகள்தான். சனிக்கிழமை தோழியிடம் இரவல் வாங்கி வருவேன், ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அக்கா பக்கம் பக்கமாக எடுப்பாள். மை தீரப்போகிற நேரத்தில் எடுத்த பாடங்கள் வெளிறிப் போயிருக்கும். பொருளாதாரத்தில் மூன்றாவது அத்தியாயம் எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "உனக்குப் பண்ணி வச்சுப் பார்த்தேனே, அதுவே போதும்" என்பாள். என் கணவர், மகள் பிறந்த மூன்றாம் வருடமே வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனவர். அதனால் அந்தப் பேச்சில் அதற்கு மேல் நான் வாயைத் திறப்பதில்லை.

வங்கியில் என் உத்தியோகத்துக்குப் பெயர் மறுகுடியமர்வு நிபுணர். ஒரு திட்டத்துக்காக வீடுகளை இடிக்க வேண்டி வந்தால், அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன தர வேண்டும், எப்போது, எப்படி என்று விதி எழுதுவது என் வேலை. நிபுணர் என்று சொல்லிக்கொண்டாலும் என் கழுத்தில் தொங்கியது மஞ்சள் அட்டை. நிரந்தர ஊழியர்களுக்கு நீலம். மஞ்சள் அட்டைக்கு வருடத்துக்கு நூற்றைம்பது நாள் ஒப்பந்தம்தான். லீவு இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, யாராவது மாற்றலாகிப் போகும்போது வெட்டுகிற கேக்கில் ஒரு துண்டு மட்டும் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் முடிகிற மாதத்தில், புதுப்பிப்பார்களா என்று தினமும் மெயிலைத் திறந்து திறந்து பார்ப்பேன். மகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுகிற மாதமும் அதுவாகவே அமைந்துபோனது என் அதிர்ஷ்டம்.

அப்படியிருக்கும்போதுதான் கால்வாயை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. முதலில் போட்ட வரைபடத்தில் எதிர்க்கரை வீடுகள்தான் போவதாக இருந்தது. அங்கே யாரோ பெரிய மனிதரின் கிடங்கு குறுக்கே நின்றதால் கோடு நாற்பது மீட்டர் இந்தப் பக்கம் நகர்ந்தது. நகர்ந்த கோடு அக்காவின் கடை மேல் விழுந்தது.

அன்றைக்கே நான் ஒரு படிவம் நிரப்பித் தந்திருக்க வேண்டும். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர், இவர்களில் யாருக்காவது இந்தத் திட்டத்தால் லாபமோ நட்டமோ உண்டா என்று கேட்கிற படிவம். உண்டு என்று எழுதினால் கோப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். கோப்பு போனால் ஒப்பந்தமும் போகும். அதோடு, தலைமை அலுவலகத்தில் ஒரு நிரந்தர வேலைக்கு என் பெயர் நேர்காணல் பட்டியலில் ஏறியிருந்தது. கடல் தாண்டிப் போக வேண்டிய வேலை, நீல அட்டை. நேர்காணலில் எடுத்துக் காட்ட என்னிடம் இருந்த பெரிய வேலை இந்தக் கால்வாய்தான். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். எல்லோருக்கும் நல்ல விதியாக எழுதினால் அக்காவுக்கும் நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விதி நல்ல விதிதான். பத்திரம் இருக்கிறதோ இல்லையோ, கணக்கெடுப்பு நாளில் அங்கே குடியிருப்பவர் அத்தனை பேருக்கும் இரண்டு அறையோடு ஒரு மாற்று வீடு, கடை வைத்திருந்தால் கீழ்த்தளத்தில் ஒரு கடை. பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கும் ஒரு வழி எழுதியிருந்தேன். கணக்கெடுப்பவர்கள் மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் இடையே ஒரு வாரமாவது இருக்க வேண்டும். ஊருக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் விட்டுப்போய்விடக் கூடாதே என்று யோசித்து யோசித்து எழுதிய வரி அது.

அந்த வரியை எங்கள் திட்டக் குழுத் தலைவர் பார்த்தார். நான் அவருக்கு வைத்த பெயர் பெட்டிக்காரர். மாதத்தில் இருபது நாள் விமானத்தில்தான் இருப்பார், அவர் மேஜைக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி எப்போதும் புறப்படத் தயாராக நிற்கும். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர்.

"இந்த ஒரு வாரம், ஒரு வாரம்னு எழுதியிருக்கீங்களே, இதுலயே ரெண்டு வாரத்துக்கு மேல போயிடுது. போர்டு மீட்டிங்குக்குக் கோப்பு போயாகணும்" என்றார்.

"பூட்டின வீட்டுக்காரங்க விட்டுப் போயிடுவாங்க சார்."

"மூணு தடவைங்கறது அப்படியே இருக்கட்டும். இடைவெளியை மட்டும் எடுத்துடுங்க. இன்டர்வியூவுக்குப் போகும்போது, நேரத்துக்கு முடிச்ச ப்ராஜெக்ட்னு நீங்களும் சொல்லிக்கலாம்."

நான் எடுத்துவிட்டேன். ஒரு பொத்தானை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் போதும், ஒரு வரி போய்விடுகிறது.

கணக்கெடுப்பு நாளை முன்கூட்டி வெளியே சொல்லக் கூடாது. தெரிந்தால் புதுக் குடிசைகள் முளைத்துவிடும் என்பது காரணம். அந்த நாள் எனக்குத் தெரியும். வடக்கு முனையிலிருந்து ஆரம்பிப்பார்கள், தெற்கே இருக்கிற அக்காவின் கடைக்கு வந்துசேர மூன்று வாரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் நான் நேர்காணலுக்குப் போய்த் திரும்பிவிடலாம். அக்கா கடையை விட்டு எங்கே போகப்போகிறாள், அவளிடம் எதற்கு வாயைவிட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது மகள் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பெண், தொடை வரைக்கும் கட்டு, பாத்ரூமுக்குக்கூடத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். நான் போகவில்லை என்று சொல்லிவிடலாமா என்று உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு பையோடு வந்து நின்றாள்.

"கடை?" என்றேன்.

"பூட்டிட்டேன். பத்து நாள் ஜெராக்ஸ் எடுக்கலைன்னா ஊரு அழிஞ்சு போயிடாது. நீ கிளம்பு."

அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். 'அக்கா, ஆள் வரப்போறாங்க, கடையைப் பூட்டாதே.' அவ்வளவுதான், எட்டு வார்த்தை கூடத் தேவையில்லை. ஆனால் அவள் கடையைத் திறந்து வைத்திருந்தால் என் மகளை யார் பார்ப்பது, நான் எப்படிப் போவது? மூன்று வாரம் இருக்கிறதே என்று மறுபடியும் கணக்குப் போட்டேன். வடக்கு முனையில் தண்ணீர் தேங்கி நின்றதால் கணக்கெடுப்பைத் தெற்கிலிருந்து ஆரம்பிக்கப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள், வேலையில் மனசாட்சிக்கும் அவசரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பாலத்துக் கதையைச் சொன்னேன். அழகாகச் சொன்னேன். ஒருவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்.

நான் ஊர் திரும்பிய மறுநாள் அக்கா தன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. சிரித்துக்கொண்டுதான் பேசினாள்.

"இங்க எல்லார் வீட்டுச் சுவத்துலயும் சிவப்புப் பெயின்ட்டுல நம்பர் போட்டிருக்கான்டி. என்னை மாதிரிப் பூட்டிட்டுப் போனவங்களுக்கு நம்பர் இல்லை, 'பூட்டு'ன்னு எழுதிட்டுப் போயிருக்கான். பக்கத்து வீட்டு டெய்லர் சொல்றார், காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்தானாம். மூணு தடவை வரணும்னு ரூல் இருக்காம். எந்த மகராசன் எழுதினானோ."

நான் எழுதினேன் என்று சொல்லவில்லை. குறைகேட்புக் குழு என்று ஒன்று இருக்கிறது, மனு எழுதிக் கொடு, கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றேன்.

"எங்க போயிருந்தேன்னு கேப்பாங்களே?"

தங்கச்சி வீட்டில் இருந்தேன் என்று சொன்னால், தங்கச்சி யார், எங்கே வேலை பார்க்கிறாள் என்று அடுத்த கேள்வி வரும். படிவத்தில் நான் அடித்த டிக் வெளியே வரும். இதெல்லாம் என் தலைக்குள் ஓடியது, ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் என் வாய் மூடியிருப்பதன் அர்த்தம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"சரி விடு. உன் பேரு வராம நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேலை கிடைத்தது. மகளின் கட்டைப் பிரித்த வாரத்தில் நாங்கள் கிளம்பினோம். விமான நிலையத்தில் அக்கா என் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து, "நீலக் கலர் அட்டை குடுத்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. பெருசாக்கிக் கடையில மாட்டறேன்" என்றாள்.

தலைமை அலுவலகத்தில் எனக்கு ஏழாவது மாடி. பக்கத்து நாற்காலிக்காரருக்கு இன்னும் ஆறு வருடத்தில் ஓய்வு. எங்கே மாற்றல் கேட்டால் எந்தக் கிரேடு கிடைக்கும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை. வந்த இரண்டாம் மாதம், கால்வாய்த் திட்டத்தின் குறைகேட்புக் குழு நடவடிக்கைக் குறிப்பு தகவலுக்காக எனக்கும் வந்தது. பூட்டிய வீடுகள் மொத்தம் பதினேழு. அக்கா பதினேழாவது.

'ஜெராக்ஸ் கடை நடத்துபவர். குறிப்பிட்ட நாட்களில் சுற்றுலா போயிருந்ததாகச் சொன்னார். எந்த ஊருக்கு என்று கேட்டபோது சிரித்தார், பதில் சொல்லவில்லை. நம்பத்தகுந்ததாக இல்லை.'

அக்கா தன் வாழ்நாளில் சுற்றுலா போனதில்லை. அவளுக்கு ஒரு ஊர்ப் பெயரைக்கூடப் பொய்யாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று அதிகாரிகள் முன்னால் நின்று, எனக்காக அசட்டுத்தனமாகச் சிரித்திருக்கிறாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இனி என் வேலை போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். அந்தப் பெண் என் அக்கா, அந்தப் பத்து நாளும் என் வீட்டில் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் படிவத்தில் பொய் சொன்னேன், தவறு முழுக்க என்னுடையது. நடத்தை விசாரணைப் பிரிவுக்கும் பெட்டிக்காரருக்கும் குறைகேட்புக் குழுவுக்கும் அனுப்பினேன். அனுப்பிய பிறகு பல மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது, சாப்பிட்டேன்.

ஐந்து வாரம் கழித்துப் பெட்டிக்காரர் போன் செய்தார். எந்த ஊர் விமான நிலையமோ, பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். ரெண்டு வருஷம் பதவி உயர்வு கிடையாது. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நீங்களா முன்வந்து சொன்னதால விட்டுட்டாங்க."

"அக்கா வீடு சார்?"

பின்னால் உருண்டுகொண்டிருந்த பெட்டிச் சக்கரத்தின் சத்தம் நின்றது.

"அந்தக் குறிப்பை நீங்க கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்களா?"

நான் படிக்கவில்லை. அக்காவின் வரியோடு நிறுத்திவிட்டேன். பத்து வருடமாக, எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள் என்று கிராமம் கிராமமாகப் போய் ஜனங்களுக்கு வகுப்பு எடுத்தவள் நான்.

"பூட்டின வீடு பதினேழையும் குறைகேட்புக் குழுவுக்கு மேல இருக்கற குழு மறுபடி எடுக்கும், அக்கம்பக்கத்துக்காரங்க நாலு பேர் கையெழுத்து இருந்தா சேர்த்துக்கலாம்னு கடைசிப் பக்கத்துல போட்டிருந்தது. உங்க அக்காவுக்கு நாப்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. அவங்க எங்க போனாங்கன்னு அந்தக் குழுவுல ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. பதினாறு வீட்டையும் சேர்த்தாச்சு."

"பதினேழாவது?"

"உங்க கடிதம் வந்துடுச்சே. அவங்க இப்ப வங்கி ஊழியரோட சொந்தக்காரர். விசாரணை முடியற வரைக்கும் அந்தப் பேரைத் தொடக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. விசாரணை எட்டு மாசம் ஆகும், பட்டியலை இந்த வாரமே மூடறாங்க, அடுத்த மாசம் இடிக்கறாங்க. இனிமே நானே நினைச்சாலும் குடுக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அனுப்பறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இல்லை, அவங்களையாவது கேட்டிருக்கலாம்" என்றார்.

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பேச வேண்டிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பொத்திக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில், என் பாரம் இறங்கினால் போதும் என்று கொட்டிவிட்டேன். இரண்டு தடவையும் நினைத்தது என்னைப் பற்றித்தான். செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அன்று சாயங்காலம் அக்காவே போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தெரியுமாடி, நம்ம டெய்லரோட தம்பி வீடு பூட்டியிருந்துதே, அவனுக்குக் கிடைச்சிடுச்சு. மொத்தம் பதினாறு பேருக்குச் சீட்டு வந்திருக்கு. என்னோடது மட்டும் பாக்கி, நாளைக்கு வந்துடும்னு டெய்லர் சொல்றார். கீழ்த்தளத்துல மூலைக்கடையாக் கேட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் ஆள் நடமாட்டம் இருக்கும் பாரு."

நான் சொன்னேன். கடிதம் எழுதியதை, ஏன் எழுதினேன் என்பதை, மூன்று தடவை என்று விதி எழுதியதே நான்தான் என்பதை, இடைவெளியை எடுத்ததை, ஆள் வரப்போவது தெரிந்தும் வாயைத் திறக்காததை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் கடைசியில்.

"இல்லக்கா. வேலை இருக்கு."

"சரி. ஷட்டரை இறக்கணும், வச்சிடறேன்."

அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திட்டவில்லை. அடுத்த மாதம் வீட்டை இடித்தார்கள். நான் விமான டிக்கெட்டோடு போய் நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். வந்துவிடாதே என்று டெய்லரிடம் சொல்லி அனுப்பினாள். என்னோடு வந்து இருந்துவிடு என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன், வரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். மெஷினை வைக்க அங்கே இடம் இல்லை, எடைக்குப் போட்டுவிட்டாள். யாரோ ஒருவரின் கடையில் நின்று சம்பளத்துக்கு ஜெராக்ஸ் எடுக்கிறாள். நான் அனுப்புகிற பணம் மூன்று நாளில் என் கணக்குக்கே திரும்பி வந்துவிடுகிறது.

ஆனால் என் மகளோடு பேசாமல் அவளால் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும், மகளின் நம்பருக்கு. கால் வலிக்கிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, கணக்கில் எத்தனை மார்க் என்று அரை மணி நேரம் போகும். மகள் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். முடிக்கப்போகும்போது, "பெரியம்மா, அம்மாகிட்ட குடுக்கட்டுமா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

ஸ்பீக்கரில் அக்காவின் குரல் எனக்கு நன்றாகவே கேட்கும். "வேணாம்டா கண்ணு. அம்மாவுக்கு வேலை இருக்கும்."

அதே சோபாவில், மகளின் தோள் என் தோளில் உரச, நான் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்.